லொடலொடக்கும் பிரேக் பேட்: விட்டுவிடுவதா, சிறு பாகங்களை மாற்றுவதா, காலிப்பரையே மாற்றுவதா?

டிராக்கில் ஒரு நாள் முழுக்க ஓடிவிட்டு வந்த கார், மறுநாள் மேடுபள்ளமான தெருவில் மெதுவாகப் போகும்போது முன்சக்கரங்களிலிருந்து லொடலொடவென்று ஓசை எழுப்பினால், அதன் உரிமையாளருக்கு ஐந்தாறு யோசனைகள் ஒரே நேரத்தில் வந்து சேரும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் துண்டுதான் பேட்; பேட்டுகளைத் தாங்கி, தன்னுள் இருக்கும் பிஸ்டன்களால் அவற்றைத் தள்ளுவது காலிப்பர். ரேஸ் பேட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொல்வார். பேட்டை மாற்றச் சொல்வார் இன்னொருவர். பிஸ்டன் போய்விட்டது, காலிப்பரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பார் மூன்றாமவர். பெரிய காலிப்பராகப் போட்டுவிட்டால் தொல்லை ஒரேயடியாகத் தீரும் என்று, ஏற்கெனவே போட்டவர் உறுதியோடு சொல்வார். இவற்றின் செலவு சில ஆயிரம் ரூபாயிலிருந்து சில லட்சம் ரூபாய் வரை விரிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேட்டுக்கும் காலிப்பருக்கும் நடுவில் ஓரளவு இடைவெளி இருந்தே ஆக வேண்டும், அந்த இடைவெளி அளவோடு இருக்கிறதா, அளவு மீறிவிட்டதா என்று பார்க்காமல் எதை வாங்கினாலும் அது ஊகத்துக்குக் கொடுக்கும் விலைதான், பார்த்த பின்னும், பெரும்பாலான கார்களுக்கு முதலில் மாற்ற வேண்டியவை, பேட்டை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் ஸ்பிரிங், பின், கிளிப் ஆகிய மூன்று சிறு பாகங்களே.

பேச்சு பொதுப்படையாகப் போய்விடாமல் இருக்க ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். 2005 முதல் 2012 வரை வந்த 987 தலைமுறை போர்ஷே கேமன் எஸ். முன்பக்கம் 318 மி.மீ. டிஸ்க், பிரெம்போ தயாரித்த நான்கு பிஸ்டன் அலுமினியக் காலிப்பர். இந்தக் காலிப்பர் நகராது. டிஸ்க்கின் இரு பக்கமும் உள்ள பிஸ்டன்கள்தான் பேட்டுகளைத் தள்ளும். வார நாள்களில் சென்னைக்குள் ஓடி, சில வார இறுதிகளில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. பந்தயப் பாதைக்குப் போகும் காராக அதை நினைத்துக்கொள்ளலாம். ஒரே கார் இரு வேலையும் செய்வதுதான் இந்தச் சிக்கலின் வேர்.

ஓசையை ஆராய்வதற்கு முன்பே, காரை ஓட்டலாமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சக்கர போல்ட், காலிப்பரைப் பிடித்திருக்கும் இரு போல்ட், பேட் பின்னைப் பூட்டும் கிளிப் ஆகிய மூன்றும் அதனதன் இடத்தில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்காமல், ஓசையைக் கேட்டுப் பார்ப்பதற்காகக்கூடக் காரை எடுக்கக் கூடாது. தளர்ந்த காலிப்பர் போல்ட்டும் தளர்ந்த பேட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும்; முன்னது உயிருக்கே ஆபத்தானது. பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், முன்னோட்டத்திலிருந்து ரிவர்ஸுக்கு மாறாமலே, கனமாக 'டொக்' என்று விழுந்தால் முதலில் அந்தப் போல்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றும் சரியாக இருந்தால், நீளமான மதில் சுவர் உள்ள தெருவில் கண்ணாடியை இறக்கிவிட்டு, மணிக்கு 20, 30 கி.மீ. வேகத்தில் போய்க் கேட்கலாம். சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை, எந்தப் பக்கத்துச் சக்கரம் என்பதைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிக மெல்லத் தொடுங்கள். உடனே அடங்கினால் பேட்தான். பிஸ்டன்கள் அதை டிஸ்க்கோடு சேர்த்துப் பிடித்ததால் ஆட இடமில்லாமல் போயிற்று. தொட்டும் அடங்காவிட்டால் சஸ்பென்ஷனைச் சேர்ந்த ஸ்டெபிலைசர் பாரின் லிங்க், கன்ட்ரோல் ஆர்மின் பால் ஜாயின்ட், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு, அந்தத் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் மாட்டிய ஜல்லி என்று தேடல் வேறு பக்கம் போக வேண்டும். இரண்டு துண்டாகச் செய்த மிதக்கும் டிஸ்க் போட்டிருந்தால், அதன் நடுப்பகுதியும் வளையமும் சேரும் இடங்களும் இயல்பாகவே சிறிது கடகடக்கும். ரிவர்ஸ் எடுத்த பின் முன்னோக்கிப் போய் முதல் முறை பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், பேட் தன் பள்ளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்கிறது என்று பொருள்; அதற்காக எதையும் மாற்றத் தேவையில்லை.

கிறீச்சிடுவது இதிலிருந்து வேறான விஷயம். சிக்னலில் நிற்கப்போகும்போது கூர்மையாகக் கத்தினால், அது பேட்டும் டிஸ்க்கும் உராயும்போது எழும் அதிர்வு. பேட் தளர்ந்திருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. அதிக வெப்பத்துக்கென்று செய்யப்பட்ட பேட், குளிர்ந்திருக்கும்போது இப்படிக் கத்துவது இயல்பு. இந்த இரண்டையும் ஒரே நோயாக எண்ணிக்கொண்டு, கத்தலுக்குக் காலிப்பரைப் பிரிப்பதும், லொடலொடப்புக்கு கிரீஸ் தடவுவதும்தான் மிக அதிகமாக நடக்கும் வீண்செலவு. டிராக்கின் ஓரத்து மேடான கெர்பின் மேல் ஏறி இறங்கிய பிறகு முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் சரியானால், அதுவும் தனி விஷயம்தான்: சக்கர பேரிங்கின் ஆட்டமோ டிஸ்க்கின் கோணலோ பேட்டுகளை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறது. இதைக் கவனிக்காமல் பேட்டை மட்டும் மாற்றுவது, அடுத்த வேகமான வளைவில் வெறும் பெடலை மிதிக்க நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் வேலை, காலிப்பர் நன்றாக ஆறிய பின் ஓர் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். காரை ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே கையை உள்ளே விட வேண்டும். பிரேக் தூளைக் காற்றடித்து ஊதாமல் பிரேக் கிளீனரால் கழுவ வேண்டும். பேட்டை விரலால் மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் எளிதாக ஆடினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பல நூறு டிகிரி வெப்பத்தில் திரும்பத் திரும்ப வெந்த ஸ்பிரிங் எஃகு தன் முறுக்கை இழந்துவிடும். புதிய ஸ்பிரிங் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் பழையது தட்டையாகிப் போயிருப்பது கண்ணுக்கே தெரியும். பின்னை உருவிப் பாருங்கள். பேட்டின் காது, அதாவது துருத்தி நிற்கும் முனை, மோதி மோதி அதில் பள்ளம் விழுந்திருந்தால், புதுப் பேட் போட்டாலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து அதே ஓசையைத்தான் எழுப்பும். தேய்மானம் தெரிவிக்கும் சென்சார் இல்லாத பேட் போட்டு, அதன் ஒயரைக் கட்டிவைத்திருந்தால், அது அவிழ்ந்து காலிப்பரில் தட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிறு விஷயம்தான், ஆனால் நீண்ட தேடலுக்குப் பிறகு இங்கே வந்து முடிந்த கதைகள் உண்டு.

முன்னும் பின்னுமான ஆட்டத்தை இடைவெளியில் செருகிப் பார்க்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். ஆனால் எத்தனை மி.மீ. வரை சரி என்று ஓர் எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. கார் நிறுவனமே தரும் புதிய பேட் ஒன்றை, அதே பள்ளத்தில் வெறுமனே செருகி அளந்து பாருங்கள். நிறுவனப் பேட் கச்சிதமாக நின்று, டிராக் பேட் மட்டும் ஆடினால், டிராக் பேட்டின் பேக்கிங் பிளேட் (உராய்வுப் பொருளைத் தாங்கும் எஃகுத் தகடு) சிறிதாக வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே அளவு ஆடினால், காலிப்பரில் பேட் முட்டி நிற்கும் முகங்கள் தேய்ந்திருக்கின்றன. பேட்டைக் குறை சொல்வதா, காலிப்பரைக் குறை சொல்வதா என்ற வாதம் இந்த ஒரு சோதனையில் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் காலிப்பரைக் கழற்றச் சொல்லும் பட்டறையில் காரை விட எனக்கு மனம் வராது.

இடைவெளியே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கே நியாயமாக எழும். 110 மி.மீ. நீளமுள்ள எஃகு பேக்கிங் பிளேட் 300 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அது ஏறத்தாழ 0.4 மி.மீ. நீளும். அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியக்கூடியதுதான் என்றாலும், காலிப்பர் அந்த அளவு சூடாவதில்லை. 120 டிகிரி கூடினால் அதே நீளத்துக்கு 0.3 மி.மீ. அளவே அகலும். அதுவும் பேட்தான் முதலில் சூடேறும், காலிப்பர் பின்னால்தான் வரும். ஆகவே முதல் சில கடும் பிரேக்கிங்கில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். மழைக்காலத்தில் ஊதும் மரக்கதவுக்கு நிலையில் இடம் விட்டுத் தச்சர் இழைப்பதைப் போல, இந்த விரிவுக்கு இடம் விட்டுத்தான் காலிப்பரின் பள்ளத்தை வெட்டுகிறார்கள். அந்த இடத்தை அடைத்துவிட்டால் பேட் சிக்கிக்கொள்ளும், டிஸ்க்கை விட்டு விலகாது, வெப்பம் ஏறிக்கொண்டே போகும், பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 4 ஆயிலுக்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய நிலையில் அது 155 டிகிரிதான். பேட்டின் ஓரத்தில் வெல்டிங் பொட்டு வைப்பது, சிலிகான் பசை தடவுவது, தகரத் துண்டைச் செருகுவது ஆகியவற்றை நான் ஒரு வழியாகக்கூட ஒப்பீட்டில் சேர்க்காததற்கு இதுவே காரணம்.

இனி வழிகளை எடைபோடலாம். எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது சோம்பேறித்தனம் அல்ல. நிபந்தனையோடு அது நல்ல முடிவுதான். பின்னில் பள்ளம் இல்லை, ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கிறது, புதிய நிறுவனப் பேட்டோடு ஒப்பிட்டால் இடைவெளியில் பெரிய வேறுபாடு இல்லை, ஓசை பிரேக்கைத் தொட்டதும் அடங்குகிறது என்றால், விட்டுவிடலாம். ஆனால் பார்க்காமல் விடுவது வேறு, பார்த்துவிட்டு விடுவது வேறு. ஆடும் பேட் ஒவ்வொரு குழியிலும் அலுமினிய முகத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். இன்று அளவோடு இருக்கும் இடைவெளி அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்பிரிங், பின், கிளிப் ஆகியவற்றைப் புதிதாகப் போடுவது எல்லா வழிகளிலும் மலிவானது. தவறாகப் போனாலும் நட்டமில்லாதது. புதிய பேட் வாங்கும்போதெல்லாம் இவற்றையும் சேர்த்து வாங்குவது நல்ல வழக்கம். ஆனால் பழைய ஸ்பிரிங்கையே மீண்டும் வளைத்துப் போடும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. வெந்துபோன ஸ்பிரிங்கை வளைத்தால் வடிவம் வரும், வலு வராது. தெருவில் மட்டும் ஓடும் காருக்கு அது ஓரளவு தாங்கலாம். டிராக்குக்குப் போகும் காருக்கு ஸ்பிரிங்கை, பேட்டைப் போலவே, தேயும் பொருளாகக் கருதிவிடுவதுதான் சரி.

அடுத்தது அதிர்வுத் தடுப்பான்கள். போர்ஷே காலிப்பரில், பேட்டின் முதுகில் ஒட்டி, பிஸ்டனின் குழிக்குள் செருகி நிற்கும் வட்டத் தகடுகள் இவை. பேட்டைப் பிஸ்டனோடு பிணைப்பதால் கிறீச்சிடலையும் லொடலொடப்பையும் ஒருசேரக் குறைக்கின்றன. டிராக் பேட் போடுபவர்கள் பெரும்பாலும் இவற்றை விட்டுவிடுகிறார்கள். பேட்டைச் சட்டென்று மாற்ற முடியாது என்பதும், கடும் வெப்பத்தில் பசை விட்டுப்போகும் என்பதும் அதற்கான காரணங்கள். ஆக, நிறுவனப் பேட் இருந்தவரை அமைதியாக இருந்த கார் டிராக் பேட்டுக்கு மாறியதும் ஓசை எழுப்பத் தொடங்கினால், எதுவும் பழுதாகவில்லை, தடுப்பான் இல்லை என்பதே விடையாக இருக்கக்கூடும். பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடான டைட்டானியம் ஷிம் இதற்கு மாற்று என்று சிலர் வாங்குகிறார்கள். டைட்டானியம் வெப்பத்தைக் குறைவாகக் கடத்துவதால் பிரேக் ஆயிலைக் காக்க அது உதவும்; பேட்டைப் பிஸ்டனோடு அது பிணைக்காது, ஆகவே லொடலொடப்புக்கு அதனிடம் மருந்தில்லை. பேட்டின் காதுகளில் மிக மெல்லியதாகத் தடவும் செராமிக் கிரீஸ் பேட் தடையின்றி நகர உதவும். அளவு மீறித் தடவினால் தூளோடு சேர்ந்து இறுகிவிடும்.

பேட்டையே மாற்றும் வழியைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் பலருடைய உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது. இரண்டு வேலைக்கும் ஒரே பேட் என்று நினைப்பவர்கள் ஃபெரோடோ டிஎஸ் 2500 போன்ற நடுத்தரப் பேட்டை நாடுகிறார்கள். நீண்ட ஓட்டத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பவர்கள் பாகிட் ஆர்எஸ் 29 போன்ற எண்டியூரன்ஸ் பேட்டை நாடுகிறார்கள். முதல் வகை தெருவில் ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஆனால் கனமான காரில் நீண்ட செஷனில் அதன் எல்லை தெரிந்துவிடும். இரண்டாம் வகை டிராக்கில் நம்பிக்கை தரும்; தெருவில் குளிர்ந்த நிலையில் கத்தும். மூன்றாவதாக, தெருவுக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட் என்று வைத்துக்கொண்டு மாற்றுவது. கேமன் போன்ற காரில் காலிப்பரைக் கழற்றாமலே பின்னை உருவிப் பேட்டை மாற்றிவிட முடியும் என்பதால் இது பெரிய பாடில்லை. என் பரிந்துரை இந்த மூன்றாவது வழிதான். ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு: ஒரு வகைப் பேட் டிஸ்க்கின் மேல் விட்டுச்சென்ற படலத்தின் மேல் வேறு வகையைப் போட்டால், மீண்டும் முறையாகப் பதம் செய்து, புதிய படலம் சீராகப் படியவிட வேண்டும். அதைப் பொதுச் சாலையில் செய்யாமல் டிராக்கிலேயே, படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி, முழுதாக நிறுத்தாமல் பல முறை வேகம் குறைத்துச் செய்து, பிறகு ஆறவிட வேண்டும். பேட் வாங்கும்போது உராய்வுப் பொருளைப் பற்றி மட்டும் கேட்காமல், பேக்கிங் பிளேட் நிறுவன அளவிலேயே வெட்டப்பட்டதா, ஸ்பிரிங் அமரும் இடமும் பின் துளையும் அப்படியே இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். லொடலொடப்பைத் தீர்மானிப்பவை அவைதான்.

காலிப்பரைப் பிரித்துச் சீர்செய்வது எப்போது சரி? புதிய நிறுவனப் பேட்டும் ஆடினால்; பிஸ்டனின் டஸ்ட் பூட் (தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறை) கருகியிருந்தால்; பிஸ்டன் ஒன்று கையால் தள்ளும்போது மற்றவற்றைவிடக் கடினமாக நகர்ந்தால்; பேட் ஒரு முனையில் மட்டும் வழக்கத்தைவிட மிகச் சாய்வாகத் தேய்ந்திருந்தால். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல்தான், மிதியை எடுத்ததும் பிஸ்டனைச் சிறிது பின்னிழுக்கிறது. வெப்பத்தில் அது இறுகிப்போனால் பேட் விலகும் அளவும் மாறிவிடும். பழைய போர்ஷே காலிப்பர்களில் இதற்கு நேர்மாறான குறை ஒன்றும் நன்கு அறியப்பட்டது: பேட் முட்டும் இடத்திலுள்ள ஸ்டெயின்லெஸ் தகட்டின் அடியில் அலுமினியம் அரித்துப் பூத்து, தகட்டை மேலே தூக்கி, பேட்டை இறுக்கிப் பிடித்துவிடும். உப்புக்காற்றடிக்கும் கடலோர நகரங்களில் இதை மறக்கக் கூடாது. ஒரே காரில் ஒரு சக்கரத்தில் பேட் லொடலொடப்பதும், மறு சக்கரத்தில் சிக்கிக்கொண்டு கத்துவதும் நடக்கக்கூடியதே. நான்கு சக்கரத்தையும் தனித்தனியே பார்க்கச் சொல்வது அதனால்தான்.

பிஸ்டனுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்துப் பேட்டை எப்போதும் டிஸ்க்கை ஒட்டியே நிறுத்தும் வழியும் உண்டு. கெர்பில் ஏறியதும் பெடல் ஆழமாகப் போகும் சிக்கலுக்கு, அதுவும் பேரிங்கும் டிஸ்க்கும் சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகு, பந்தயக் கார்களில் கையாளும் முறை அது. லொடலொடப்பும் கூடவே குறையும் என்பது உண்மைதான். ஆனால் பேட் ஓயாமல் உரசிக்கொண்டிருப்பதை, ஓர் ஓசைக்காகத் தினமும் சென்னை நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்கு வரவழைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கடைசி வழி, காலிப்பரையே மாற்றிப் பந்தயக் காலிப்பர் போடுவது. பந்தயக் காலிப்பர் எடை குறைந்தது, விறைப்பானது, வெப்பத்தை நன்றாகத் தாங்குவது. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு டஸ்ட் பூட் கிடையாது. ஓசையை அடக்கும் ஸ்பிரிங்கும் பல வகைகளில் கிடையாது, ஏனென்றால் பந்தயக் காரில் அதைக் கேட்டுக் குறைப்பட்டுக்கொள்ள யாரும் இல்லை. லொடலொடப்பைத் தீர்க்க இதை வாங்குபவர் பெரும்பாலும் இன்னும் அதிகமான லொடலொடப்பையும், தூசியில் சீக்கிரம் தேயும் சீலையும் வாங்கிக்கொண்டு வருகிறார். பிரேக் ஒவ்வொரு செஷனிலும் வெப்பத்தால் தோற்றுப்போகிறது, ஆயில், பேட், பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக் குழாய் எல்லாவற்றையும் சரிசெய்தும் தீரவில்லை என்பவருக்கு அது தகுந்த செலவு. காரை லாரியில் ஏற்றியே டிராக்குக்குக் கொண்டுபோகிறவருக்கும் அப்படித்தான்.

பிஎம்டபிள்யூ இ46 எம்3 போல நகரும் காலிப்பர் உள்ள கார்களுக்கு இந்த வரிசை சிறிது மாறும். அங்கே பேட்டுக்கு முன் சந்தேகிக்க வேண்டியது காலிப்பர் வழுக்கிச் செல்லும் பின்களையும் அவற்றின் புஷ்களையும்தான். பெடல் உணர்வுக்காக ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டுப் பித்தளை புஷ் போட்டிருந்தால், காலிப்பரே குழிகளில் தட்டும். வெளிப்புறத்தில் மாட்டும் பெரிய ஸ்பிரிங் கிளிப்பைப் பேட் மாற்றும் அவசரத்தில் விட்டுவிட்டாலும் அதே ஓசை வரும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், மாட்டிய பின் காரை நகர்த்துவதற்கு முன்பே பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பார்க்க வேண்டும். பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில மிதிகளில் பிரேக் இருக்காது. காலிப்பரைக் கழற்றியிருந்தால் புதிய போல்ட் போட்டு 85 நியூட்டன் மீட்டருக்கும், சக்கர போல்ட்டை 130 நியூட்டன் மீட்டருக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இவை 987-க்கான அளவுகள், வேறு காருக்கு அதன் கையேட்டைப் பார்க்க வேண்டும். காலிப்பர் போல்ட்டின் தலையில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அது திரும்பியிருக்கிறதா என்பது சக்கரத்தைக் கழற்றிய உடனே தெரியும். டிராக்கில் முதல் செஷன் முடிந்து பிரேக் ஆறியதும் அந்தக் கோடு, பின்னின் கிளிப், ஸ்பிரிங்கின் அமர்வு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே இரண்டாவது செஷனுக்குக் கிளம்ப வேண்டும்.